பூங்கொடிக்குச் செய்த கத்தி

எங்கள் பட்டறைக்கு மின்சார உலை ஒன்று வந்திருக்கிறது. சின்ன பீரோ மாதிரி இருக்கிறது. முகப்பில் எண்கள் ஓடுகின்றன. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று அழுத்திவிட்டால் அதுவே சூடாகி, அதுவே நிற்கிறது. நான் வேலையை விட்டு நின்ற பிறகு வாங்கியது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது வேலை செய்யும் கவிதா கேட்டாள்: "இது இல்லாம எப்படிம்மா சூடு கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணாலதான்."

"கண்ணு ஏமாத்தாதா?"

"ஏமாத்தும்" என்றேன். அப்புறம் அது எப்படி என்று சொல்ல ஆரம்பித்து, டீ ஆறிப்போய், மத்தியானச் சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. முதலாளி மேரி உள்ளே இருந்து, "எழுதிக் குடுங்கக்கா, எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். அந்த உலை அப்போதே இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நெருப்புக்கு முன் நின்று வெந்தவள் நான். பழைய உலையை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றும் இல்லை.

நான் நடவுக்காரி. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவையே இல்லாமல் போன ஒரு வருஷம், கண்டியூர் ரோட்டில் ஒரு கத்திப் பட்டறையில் பழைய இரும்பைப் பிரித்துப்போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மேரிக்கு என்னைவிட ஆறேழு வயது குறைவு. அவருடைய அப்பா மரவாடி ரம்பங்களுக்குப் பல் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் காலமான பிறகு, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்திருந்த மேரி, அப்பா விட்டுப்போன சாணை மெஷினையும் கொல்லையில் குவிந்துகிடந்த பழைய சாமான்களையும் வைத்துக் கத்தி செய்ய ஆரம்பித்திருந்தார். தேய்ந்த அரம், கழித்துப்போட்ட ரம்பம், லாரி வில்பட்டை, டிராக்டரில் ஓடித் தேய்ந்த ரோட்டவேட்டர் பிளேடு, அறுவடை மெஷினின் வெட்டுப்பல் எல்லாம் அதில் கிடந்தன. அவர் என்னை அக்கா என்றார். நான் அவரை மேரிம்மா என்றேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

முதலில் கற்றது பொறி பார்ப்பது. இரும்பைச் சாணையில் லேசாகத் தொடவேண்டும். வெறும் இரும்பாக இருந்தால் பொறி நீளமாக, கோடு போட்ட மாதிரி போய் அடங்கிவிடும். அதில் கத்தி வராது. வில்பட்டை என்றால் கோட்டின் நுனியில் கிளை பிரியும். நல்ல அரமாக இருந்தால் சக்கரத்தை விட்டுக் கிளம்பும்போதே மத்தாப்பு மாதிரி பொரியும். கட்டையான ஹேக்ஸா பிளேடில் பொறி மங்கிச் சிவந்து, வரவே யோசிக்கும். முதல் மழைக்காலம் முழுக்க இதைத்தான் செய்தேன். நாற்றங்காலில் பயிர் எது, புல் எது என்று கை தானாகப் பிரிக்குமே, அந்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு நெருப்பு. அரத்தில் கத்தி செய்ய வேண்டுமென்றால் முதலில் அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்துவிட வேண்டும். காலையில் எடுத்தால் இளகி இருக்கும். பற்களை ஒன்று விடாமல் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு பல்லின் தடம் மிச்சம் இருந்தாலும், பின்னால் எண்ணெயில் தோய்க்கும்போது அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். வடிவம் வெட்டி, மறுபடி காய்ச்சும்போது, எவ்வளவு காய்ச்சுவது என்பதற்கு ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். காந்தம் எப்போது ஒட்ட மறுக்கிறதோ, அதற்குச் சற்று மேலே. உடனே எண்ணெய். வெளியே எடுக்கும்போது கத்தி கண்ணாடி மாதிரி. கீழே போட்டால் உடையும். அதனால் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, சூடான மணல் தட்டில் படுக்கவைத்து, நிறம் பார்க்க வேண்டும். முதலில் வெளிறிய மஞ்சள். பிறகு வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். சமையல் கத்தியை வைக்கோல் நிறத்தில் எடுத்துவிட வேண்டும். அடி தாங்க வேண்டிய கத்தியைப் பழுப்பு வரை விடலாம். நீலம் வரை போனால் கத்தியின் வாயில் கூர் நிற்காது. ஆனால் எவ்வளவு வளைத்தாலும் உடையாது. ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு மாறுவது கண் சிமிட்டும் நேரம்தான். அந்த மணல் தட்டு கொஞ்ச நாளில் என் வேலையாகவே ஆகிவிட்டது.

மேரியின் சுபாவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் அந்தக் கத்தியை எடுத்துவந்து நம் முன்னால் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்பார். "பாருங்க" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கும் வரை நிற்பார். அதுவும் வேறு ஆள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

ஒரு முகூர்த்த மாதத்தில் நடந்தது. கல்யாணச் சமையலுக்குப் பெரிய கை என்று பெயரெடுத்த பாலு, தன் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கத்தி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் போன் வந்தது. "வாய் மடங்குதும்மா. பூசணிக்காய்க்கே மடங்குது. இன்னும் சேனை இருக்கு."

மேரி போனை வைத்துவிட்டு, அந்தக் கத்திகளுக்கு எடுத்ததில் மிச்சம் இருந்த அரம் ஒன்றைக் கிடுக்கியில் பிடித்து ஒரே அடியில் உடைத்தார். ஓரத்தில் மெல்லிய தோல் மட்டும்தான் எஃகு. உள்ளே சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு. அந்த மாதிரி அரங்கள் சந்தைக்கு வந்திருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. மேலே தொட்டுப் பொறி பார்த்தால் நல்ல அரம் மாதிரியே பொரியும்.

இரண்டு தீட்டுக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்கக்கா" என்றார். தஞ்சாவூரில் மண்டபத்தின் பின்கட்டில், அரிவாள்மணைகளுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். ஆட்கள் நறுக்குவார்கள். மழுங்கியதும் கத்தியை எங்களிடம் நீட்டுவார்கள். தீட்டிய கத்தியை எடுத்துக்கொண்டு போவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு மேளம் கேட்கும் வரை அதே வேலை. பாலுவுக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"நீ ஓனரும்மா. ஒரு ஆளை அனுப்பிச்சா போதாதா? நீயே வந்து உக்காந்து தீட்டணுமா?"

"கத்தி என்னோடதுண்ணே" என்றார் மேரி, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல்யாணம் முடிந்ததும் எல்லாக் கத்தியையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது செய்து கொடுத்தோம். அதற்குப் பிறகு பொறி பார்த்ததோடு நிறுத்தாமல், ஒவ்வொரு குவியலிலும் ஒரு அரத்தை உடைத்துப் பார்ப்பது வழக்கமானது. பாலு இன்றைக்கும் எங்களிடம்தான் வாங்குகிறார். அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கைவிரல்கள் மடக்க முடியாமல் விறைத்திருந்தன. மேரி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே வந்தார். என்னை வேலைக்கு வைத்தவர் எனக்குக் கை பிடித்துவிட்டால் நான் எப்படி அந்த இடத்தை விட்டுப் போவேன்?

இனி பூங்கொடி விஷயம். நான் நிற்பதற்கு முந்தைய வருஷம் அவர் வந்தார். திருவையாறு பக்கம் ஆற்றங்கரையில் குத்தகைக்கு வாழைத் தோட்டம் எடுத்து, இலை அறுத்து மண்டிக்குப் போடுகிறவர். நாற்பது வயது இருக்கும். புடவைத் தலைப்புக்குள் மறைத்துவைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். பெருவிரல் அடியோடு இல்லை. ஆள்காட்டி விரல் பாதி. மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷினில் போய்விட்டதாம்.

"பெருவிரல் இல்லாம கத்தி பிடிக்க முடியுமாங்க?"

"இடது கையால?" என்றேன் நான்.

"பழகிப் பாத்துட்டேன். இலை கிழியுது. கிழிஞ்ச இலையை யாரு வாங்குவா?" மேஜையில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்காரர் இல்லீங்க. கொழுந்தனார்தான் தோட்டத்துல கூட்டு. அறுப்புக்கு ஆள் வெச்சா ஒண்ணும் மிஞ்சாது, நீங்க விட்டுடுங்க அண்ணி, நான் மட்டும் பாத்துக்கறேன்னு சொல்றாரு. நல்ல மனுஷன்தான். அவர் சொல்றதும் நியாயம்தான். ஆனா எனக்கு வேற தொழில் தெரியாது."

மேரி அவருடைய கையைத் தன் கையில் வாங்கி, மிச்சமிருந்த மூன்று விரல்களையும் மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, தன் விரலைக் கொடுத்து இழுக்கச் சொல்லிப் பார்த்தார். "இழுக்குறதுக்குப் பலம் இருக்கு. பிடிக்கறதுக்குத்தான் இல்ல. செய்வோம்" என்றார்.

முதலில் மணிக்கட்டில் தோல் வாரால் கட்டிக்கொள்ளும்படி ஒன்று செய்தோம். பட்டறைக்குப் பின்னால் நின்ற வாழையில் பூங்கொடி அறுத்துப் பார்த்தார். இரண்டு இலை சுத்தமாக வந்தது. மூன்றாவதில் தடித்த மட்டைக்குள் கத்தி சிக்கிக்கொண்டது. இலை சாய, அதோடு கையும் முறுக்கிக்கொண்டு போனது. நான் ஓடிப் போய் வாரை அவிழ்த்தேன்.

"விட முடியலீங்க" என்றார் பூங்கொடி. முகம் வெளிறிப்போயிருந்தது. "கத்தி என்னை இழுக்குது."

அன்று முழுக்க மேரி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "பிடிக்கறதைப் பத்தியே யோசிச்சோம்க்கா. விடறதைப் பத்தி யோசிக்கல."

மூன்று விரலும் நுழைகிற மாதிரி வளையம் வைத்தால், இழுக்கும்போது பிடி இருக்கும். விரலை நீட்டினால் கழன்று விழுந்துவிடும். பம்புசெட்டிலிருந்து கழித்துப்போட்ட பேரிங் வளையம் ஒன்று அளவாகக் கிடைத்தது. அதைக் கத்தியோடு வெல்டிங் வைத்தோம். நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாக வாங்கிப்போனவர், இரண்டே நாளில் அதை இரண்டு துண்டாகத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வெல்டிங் வைத்த இடத்தில் பட்டென்று முறிந்து, கத்தி பாதத்துக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றதாம். ஒரு சொல் குறை சொல்லவில்லை. "முறியற வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

ஒட்டுப்போட்டால் ஆகாது, ஒரே இரும்பில்தான் வரவேண்டும் என்று அப்போது புரிந்தது. மேரி குவியலில் தேடி ஒரு ரோட்டவேட்டர் பிளேடை எடுத்தார். பாதி தேய்ந்தது. சாணையில் தொட்டேன், கிளை பிரிந்தது. வில்பட்டைக்கு ஒப்பான எஃகு. பூங்கொடியை வரச்சொல்லி, வயல் களிமண்ணைப் பிசைந்து அவர் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னோம். விரல் பதிந்த அந்தக் களிமண் உருண்டையைக் காயவைத்து எதிரே வைத்துக்கொண்டுதான் வேலை நடந்தது. பிளேடின் ஒரு முனையைக் காய்ச்சிக் காய்ச்சி நீட்டி, அதை வளைத்து வளையமாக்கி, முட்டை வடிவத்துக்குத் தட்டிக் கொண்டுவந்தோம். மேரி குறடு பிடிக்க நான் அடிப்பேன். நான் பிடிக்க அவர் அடிப்பார். மறுமுனை இலை அறுக்க ஏற்றபடி லேசாக வளைந்த வாய். வளையமும் வாயும் சேருகிற கழுத்துதான் கஷ்டமான இடம். இழுக்கிற பாரமெல்லாம் அங்கேதான் விழும்.

எண்ணெயில் தோய்த்து, வாயைப் பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகு, கழுத்தை மட்டும் நீலமாக்க வேண்டும். வாயைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, கழுத்தில் மட்டும் கேஸ் டார்ச் நெருப்பைக் காட்ட வேண்டும். அதை நான்தான் செய்தேன். நிறம் இருண்டு வந்தது. நீலம் வந்துவிட்டது என்று இறக்கினேன். மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் மேரி வளையத்திலும் கழுத்திலும் சைக்கிள் ட்யூபைச் சுற்றி முடித்திருந்தார். சாயங்காலம் பூங்கொடி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மேரி, "கண்ணு எரியுதுக்கா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாங்க" என்றார். போனோம். வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் காட்டிவிடுங்கள் என்று என்னையும் உட்காரவைத்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார் டாக்டர்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, வீட்டில் நான் கறுப்பு என்று கட்டிக்கொண்டிருந்த புடவை கருநீலமாக இருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தேன். பழைய கண்ணில் எல்லாம் டீ டிகாக்ஷன் வழியாகப் பார்க்கிற மாதிரி. நீலமும் ஊதாவும் அதில் ஒரே இருட்டு. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் கழுத்து நிஜமாகவே நீலமானதா, இல்லை அதற்கு முன்னாலேயே இருட்டாகத் தெரிந்து இறக்கிவிட்டேனா? முன்னாலேயே என்றால் கழுத்து இன்னும் வளையாத விறைப்பில்தான் இருக்கும். வாழை மட்டையில் சிக்கினால் முறியும். இந்தத் தடவை பாதம் தப்பாது.

பூங்கொடி கொடுத்திருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவரும் பட்டறைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் மேரியிடம் சும்மா கேட்பது போல, "அந்த இலைக்காரம்மா வரவே இல்லையே" என்றேன். "வரலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்க்கா" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனசில் இருந்ததை அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அடுத்த கண்ணும் முடிந்தது. மணல் தட்டுக்கு முன் நிற்க எனக்கே தைரியம் இல்லாமல் போய், வேலையிலிருந்து நின்றுகொண்டேன். வயசாகிவிட்டது என்று காரணம் சொன்னேன்.

நின்ற பிறகும் தூக்கம் சரியில்லை. ஒருநாள் காலையில் பஸ் ஏறித் திருவையாற்றில் இறங்கி, இலை மண்டியில் விசாரித்தேன். "விரல் போனவங்களா? படித்துறை தாண்டி மூணாவது தோட்டம்" என்றார்கள். மிச்சம் இருந்த விரலும் போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தோட்டத்துக்குள் பூங்கொடி அறுத்துக்கொண்டிருந்தார். வளையத்தில் மூன்று விரல். கையைத் தூக்கி ஒரு இழுப்பு. இலை தோளில் சாய்ந்தது. அதைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த மரம். கொஞ்சம் தள்ளி அவருடைய கொழுந்தனார் இலைகளை அடுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் பூங்கொடி விரல்களை நீட்டினார். கத்தி தானாக நழுவி இலைக்குவியல் மேல் விழுந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கக்கா. இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க?"

"நீங்க வரவே இல்லையே?"

"எதுக்கு வரணும்? நல்லாத்தானே வெட்டுது. போன் ஆத்துல விழுந்துருச்சு. அதான் சொல்லக்கூட முடியல."

"கழுத்து… இந்த வளையத்துக்கிட்ட ஏதாச்சும் விரிசல் விட்டுச்சா?"

"இதுலயா?" சிரித்தார். "இதாலதான்க்கா வாழை பக்கத்துல முளைக்கிற கன்னையெல்லாம் நெம்பி எடுக்கறேன்."

கத்தியால் நெம்புவதா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்க்கட்டுமா என்று கேட்டேன். ட்யூப் கிழிந்துவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும் என்று அவரே அவிழ்த்துக் கொடுத்தார். வெளியே எல்லாம் வாழைக்கறை ஏறிக் கறுத்திருந்தது. ட்யூப் இறுகியிருந்த கழுத்தில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது. மயில் கழுத்து நீலம். இவ்வளவு சுத்தமான நீலத்தை மணல் தட்டில் எத்தனையோ வருஷமாக நான் பார்க்கவில்லை.

அன்று பூங்கொடி வீட்டில் சாப்பிட்டேன். அவர் கட்டிக் கொடுத்த இலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் கண்டியூரில் இறங்கிப் பட்டறைக்குள் போனேன். மேரி சாணையில் இருந்தார். இத்தனை நாள் பயந்ததையும், பார்த்ததையும் கடகடவென்று சொன்னேன். "புரை இருந்தும் சரியாத்தான் இறக்கியிருக்கேன் மேரிம்மா. நீலம்னா அப்படி ஒரு நீலம்" என்றேன்.

மேரி சாணையை நிறுத்தினார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். பட்டறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"நீங்க சாப்பிடப் போனப்ப நான் இன்னொரு தடவை டார்ச்சைக் காட்டினேன்க்கா. நீங்க இறக்கினப்ப அது ஊதாதான். அந்த மாசம் நீங்க பாத்த கத்தி எல்லாத்தையும் நானும் ஒருக்கா பாத்துட்டுத்தான் வெளிய அனுப்பினேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் சுருக்கென்று இருந்தது உண்மை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனே" என்றார்.

அன்று டாக்டர் மேரியின் கண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.